ராமநாதபுரம் கரையில் சூரியன் கடலில் மறைவதைப் படம் எடுக்க முடியுமா?

கேள்வி இதுதான். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒருவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறார். கையில் இரண்டு மாலைகள் இருக்கின்றன. ஒரு தொடக்கநிலை கேமரா, அதோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ், ஒரு செல்போன். கடலுக்கு மேல் சூரியன் மறைவதைப் படம் எடுக்க ஆசை. "கிழக்குக் கடற்கரையில் உதயம்தான் கிடைக்கும், அஸ்தமனம் வேண்டுமென்றால் கன்னியாகுமரி போ" என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். போன முறை அக்னி தீர்த்தத்தில் நின்றபோது சூரியன் கோயில் பக்கமாக ஊருக்குள் மறைந்துவிட்டதாம். எடுத்த படங்களிலும் வானம் வெளுத்துப்போயிருந்ததாம். எங்கே நிற்பது, எப்படி எடுப்பது என்று கேட்கிறார்.

நண்பர்கள் சொன்னது பாதி சரி. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரை கிழக்கே பார்த்து இருக்கிறது. அங்கே சூரியன் உங்கள் முதுகுப் பக்கம்தான் மறையும். அக்னி தீர்த்தமும் கிழக்குக் கரைதான். ஆனால் ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளி, மண்டபம் என்று வரவர நிலம் ஒடுங்கி, கிழக்கு நோக்கிக் கடலுக்குள் நீண்டுவிடுகிறது. அதற்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பனைத் தாண்டினால் தீவு, தீவின் தென்கிழக்கில் தனுஷ்கோடி வால். இப்படி இரண்டு பக்கமும் கடல் உள்ள நிலத்தில் மேற்கு வானத்துக்குக் கீழேயும் தண்ணீர் கிடைக்கும். எந்த மாதத்தில் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

சூரியன் வருடம் முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாவது வாரத்தில் நேர் மேற்கில் மறையும். டிசம்பர் கடைசியில் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி மறையும். ஜூன் கடைசியில் அதே 24 டிகிரி வடக்கே. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக இரண்டரை முட்டி தெற்கே, இரண்டரை முட்டி வடக்கே. மண்டபத்தின் தென்கரையில் டிசம்பரில் நின்றால் சூரியன் மன்னார் வளைகுடாத் தண்ணீருக்கு மேல் இறங்கும். அதே இடத்தில் ஜூனில் நின்றால் கரைப் பனைகளுக்குப் பின்னால் போய்விடும். அப்போது நீங்கள் வடகரைக்குப் போக வேண்டும்.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், காற்றும் சூரியனும் இங்கே ஒரே பக்கத்தைக் காட்டுவது. மழைக்காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது பாக் நீரிணை அடித்துக்கொண்டு கிடக்கும், தெற்குக் கடல் அமைதியாக இருக்கும். கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் நிலைமை அப்படியே மாறும். தெற்கே அலை ஏறும், வடக்கே தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும். சூரியன் தெற்கே சாயும் மாதங்களில் தென்கரை அமைதி, வடக்கே சாயும் மாதங்களில் வடகரை அமைதி. அஸ்தமனப் படத்துக்கு வேண்டிய சலனமில்லாத தண்ணீரும் தண்ணீர் மேல் சூரியனும் ஒரே கரையில் ஒரே சமயத்தில் கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. நீங்கள் வருவது டிசம்பர் என்பதால் வடகரையை மறந்துவிடுங்கள். தெற்கே நில்லுங்கள்.

மண்டபம் தென்கரைக்கு முதல் மாலை. தென்மேற்கே தூரத்தில் முயல் தீவு கோடாகத் தெரியும். அதற்கு வலப்பக்கம் திறந்த கடல், சூரியன் அந்தத் திறப்பில்தான் இறங்கும். கரையோரம் நங்கூரமிட்ட நாட்டுப்படகுகளும் வத்தைகளும் இருக்கும். படகின் அணியம், அதாவது முன்பக்கம், கரையைப் பார்த்து நிற்கிறதா கடலைப் பார்த்து நிற்கிறதா என்று கவனியுங்கள். வாடை வீசும்போது நங்கூரமிட்ட படகு காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பி நிற்கும், அதாவது தென்கரையில் நிற்கும் உங்களைப் பார்க்கும். ஒரு படகைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று ஒன்றோடொன்று மோதி நிற்கும் இடம் வேண்டாம். சூரியன் மறைந்த பின் அவை எல்லாம் ஒரே கருப்புத் திட்டாகிவிடும், எது படகு எது கயிறு என்றே தெரியாது. படகுக்கும் அடிவானக் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் உயரத்தை மாற்றினால் போதும். அரை அடி எழுந்தாலோ குனிந்தாலோ படகின் விளிம்பு அடிவானத்திலிருந்து பிரிந்துவிடும்.

குந்துகால் இரண்டாவது மாலைக்கு. பாம்பன் ஊரிலிருந்து தெற்கே போனால் தீவின் தென்மேற்கு முனை. 1897 ஜனவரியில் விவேகானந்தர் சிகாகோ பயணம் முடிந்து வந்து இறங்கிய இடம் என்பதால் அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. அது மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. படத்துக்கு அங்கே போகத் தேவையும் இல்லை. கரையிலிருந்தே தீவின் மரக்கோடு படச் சட்டத்தின் இடது ஓரத்தில் வரும்படி நில்லுங்கள். வெறும் அடிவானத்தைவிட அந்தக் கருப்புக் கோடு படத்துக்கு ஒரு ஆழம் தரும். நினைவு மண்டபம் மூடும் நேரத்தைப் போனவுடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதன் கடைசி நுனியான அரிச்சல்முனையில் நின்றால் வருடம் முழுவதும் உதயமும் கடலில், அஸ்தமனமும் கடலில். இந்த மாவட்டத்தில் அஸ்தமனத்துக்கு அதைவிடத் திறந்த வானம் வேறெங்கும் இல்லை. ஆனால் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். மாலையானதும் காவல்துறை வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த நேரம் அவ்வப்போது மாறும், சோதனைச் சாவடியில் கேட்டால் சொல்வார்கள். ஆகவே அங்கே அஸ்தமனத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாலு மணி வெயிலில் இடிந்த தேவாலயத்தை எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தப் பவளக்கல் சுவரின் குழிகள் ஒவ்வொன்றும் தெரியும். எடுத்துவிட்டு குந்துகாலுக்குக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் இருந்தால் தூரத்திலிருந்தே எடுங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டி விரட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. எவ்வளவோ தூரம் பறந்து இரை தேடி வந்த பறவைகள் அவை.

பாம்பன் பாலத்தை எல்லோரும் சாலைப் பாலத்தின் மேலிருந்து எடுக்கிறார்கள். வண்டியை அங்கே நிறுத்துவது ஆபத்து, பேருந்து போகும்போது பாலம் அதிர்வதால் ட்ரைபாடும் பயன்படாது. கீழே பாம்பன் பக்கக் கரையில் இறங்கி நில்லுங்கள். ரயில் பாலம் ஏறத்தாழ கிழக்கு மேற்காகப் போவதால், தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய் மேற்கு வெளிச்சத்தில் கரையும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இருக்கிறது. கப்பல் போக 17 மீட்டர் செங்குத்தாக மேலே எழும். அதன் இரண்டு கோபுரங்களும் நிழலுருவப் படத்துக்கென்றே நிற்கின்றன. சூரியனைக் கோபுரத்தின் விளிம்பில் பாதி மறைத்து, எஃப்-எண்ணை (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 16-க்குக் கொண்டுபோனால் ஒளி கதிர் கதிராகப் பிரியும்.

ஜூனில் வருகிறவர்களுக்கு இரண்டு வரி. உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரையும் மண்டபம் வடகரையும் பாருங்கள். சூரியன் கரைக்கோட்டின் நுனியை ஒட்டி விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். அந்தக் கம்ப வரிசைக்காகவே மே மாதக் கடைசியில் வரலாம்.

சரி, நேரம். இதில்தான் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அவர்கள் 'பொன் மணி நேரம்' என்று ஒரு மணி நேரக் கணக்குச் சொல்வார்கள். ராமேஸ்வரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக இறங்காது, ஏறத்தாழ நேராக விழும். அடிவானத்துக்கு மேலே கடைசி 6 டிகிரியைக் கடக்க இங்கே 25 நிமிடம் ஆகும். லண்டனில் மார்ச் மாதத்தில்கூட அதற்கு 40 நிமிடம் போல ஆகும். வட்டத்தின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல் விளிம்பு மறையும் வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தில் செட்டிங்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முன்பு சொன்ன முட்டிக் கணக்கு இங்கேயும் உதவும். சூரியனுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முட்டி இடம் இருந்தால் மறைய ஏறத்தாழ 40, 45 நிமிடம் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைவது மாலை 6 மணி வாக்கில். நவம்பரில் 5.50, ஜூலை முதல் வாரங்களில் 6.35-ஐயும் தாண்டும். நீங்கள் 5 மணிக்கெல்லாம் கரையில் இருந்தால் நிதானமாக இடம் பார்க்கலாம்.

இன்னொன்று: நேராக விழுகிறது என்றாலும் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்துதான் விழும். ஒரு முட்டி உயரத்திலிருந்து கடலைத் தொடுவதற்குள் தன் அகலத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு வலப்பக்கம் நகர்ந்திருக்கும். படகுக் கம்பத்தின் நுனியில் சூரியனை உட்காரவைக்க நினைத்தால், முன்கூட்டியே இந்த நகர்வைக் கணக்கிட்டு நில்லுங்கள். கடைசி நிமிடத்தில் ஈர மணலில் ஓடவேண்டி வராது.

இனி வானம் வெளுத்துப்போன கதை. கேமரா சட்டம் முழுவதையும் பார்த்துச் சராசரி வெளிச்சம் கணக்குப் போடுகிறது. கீழ்ப்பாதி இருண்ட மணலும் படகுமாக இருந்தால், அதை வெளிச்சமாக்கப் பார்த்து வானத்தை எரித்துவிடும். எரிந்துபோன வானத்தை எந்தச் செயலியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அங்கே பதிவே இல்லை. இருண்ட பகுதியைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். எனவே வானத்துக்கு அளந்து எடுங்கள். சூரியனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, அதன் பக்கத்து வானத்தைப் பார்த்து அளவெடுத்து, அதைப் பூட்டிக்கொண்டு சட்டத்தை அமையுங்கள். மேனுவலில் பழக்கம் என்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்-எண் 8, ஷட்டர் 500-இல் ஒரு பங்கு நொடியில் தொடங்குங்கள். சூரியன் இறங்க இறங்க ஷட்டரை மெதுவாக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் திரையில் ஹிஸ்டோகிராமை, அதாவது இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் வெளிச்சம் அதிகம். சூரிய வட்டம் மட்டும் வெளுத்தால் பரவாயில்லை, அதைச் சுற்றியுள்ள வானம் வெளுக்கக் கூடாது. ரா கோப்பாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் கோப்பு) எடுங்கள்.

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடவே விடாதீர்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் படத்தைக் கெடுப்பதில் பாதி இதுதான். ஆட்டோவுக்கு அந்த ஆரஞ்சு நிறம் ஒரு குறை. அதைச் சரிசெய்கிறேன் என்று நீலத்தைச் சேர்த்துச் சாம்பலாக்கிவிடும். வெயில் குறி, அல்லது மேகக் குறியில் வையுங்கள்.

செல்போனில் திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியக் குறி வரும், அதைக் கீழே இழுத்தால் படம் இருளும். வானத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிவதுபோல் வரும் வரை இழுங்கள். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். கடற்கரையில் அரை மணி நின்றாலே உப்புப் படலம் ஏறிவிடும், அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் பரவும், சூரியனைச் சுற்றி மங்கலான வட்டமாகப் படத்தில் தெரியும். கொஞ்சம் நல்ல தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி, பிறகு உலர்ந்த துணி. விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் வேண்டாம், போனிலேயே தூரத்தை நெருக்கிக் காட்டும் தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சூரியன் பெரிதாக வரவில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். உங்கள் 18-55 லென்ஸில் 55-இல் வைத்தாலும் சூரியனின் அகலம் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான். 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் எட்டில் ஒரு பங்கு போல வரும். வாடகைக்குக் கிடைத்தால் எடுத்து வாருங்கள். ஆனால் அந்த லென்ஸை மாட்டிக்கொண்டு கண்துளை வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், விழித்திரைக்கு நிரந்தரக் கேடு. பின்திரையில் பார்த்தே எடுங்கள். பெரிய லென்ஸ் இல்லையென்றாலும் குறையில்லை. சூரியனைச் சின்ன ஆளாக விட்டுவிட்டு, தண்ணீரில் விழும் ஒளித்தடத்தைப் படத்தின் முதுகெலும்பாக்குங்கள். தண்ணீர் சலனமில்லாமல் இருந்தால் தடம் ஒல்லியாக நிற்கும், சிற்றலை இருந்தால் அகன்று உடைந்து மின்னும். இரண்டும் அழகுதான். தரைக்குக் கிட்டத்தில் கேமராவை வைத்தால், அலை வடிந்த ஈர மணலிலும் அந்தத் தடம் உங்கள் காலடி வரை வந்து நிற்கும். இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கரை மட்டமானதால் வற்றும் நேரத்தில் நிறைய மணல் வெளியே வரும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இன்னும் அதிகம்.

அப்புறம், சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கரையில் கூட்டம் கலைவதைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் அவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருக்கும். மேலே உயரத்தில் மெல்லிய மேகம் இருந்தால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகுதான் அந்த மேகத்தின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் படும். மறைந்து ஐந்து நிமிடத்தில் தொடங்கி பதினைந்து நிமிடத்துக்குள் சிவப்பு உச்சத்துக்கு வரும். அதற்குப் பிறகு இருள் வேகமாக வந்துவிடும், 25 நிமிடத்தில் முடிந்தது. இப்போதுதான் ட்ரைபாட் வேண்டும், ஐஎஸ்ஓவை 400 வரை ஏற்றலாம். மணலில் கால்களை நன்றாக அழுத்தி இறக்குங்கள், இல்லையென்றால் அலை வந்து போகும்போது மெல்ல அமுங்கி அடிவானம் சாய்ந்துவிடும்.

அதே நேரத்தில் ஒரு முறை திரும்பிக் கிழக்கே பாருங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை, அதற்கு மேல் ரோஜா நிறப் பட்டை தெரியும். கீழே இருக்கும் அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல், காற்றுமண்டலத்தின் மேல் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக உயரும். தேவிபட்டினம் நவபாஷாணம், தொண்டி, அக்னி தீர்த்தம் போன்ற கிழக்குக் கரைகளுக்கு மாலையில் இதுதான் பொக்கிஷம். சூரியன் கோயில் பக்கம் மறைந்துவிட்டதே என்று அன்று நீங்கள் நொந்துகொண்ட அதே நேரத்தில், கடல் பக்கம் இது நடந்துகொண்டிருந்திருக்கும். பௌர்ணமி என்றால் அந்தப் பட்டைக்குள்ளிருந்தே நிலா எழும்.

மேகம் பற்றி: டிசம்பரில் மழை விட்ட மறுநாள் மாலை கிடைத்தால் விடாதீர்கள். தூசி அடங்கிக் காற்று தெளிந்து, நிறம் அடிவானம் வரை சுத்தமாக இருக்கும். முழுதும் மூடிய வானம் என்றாலும் மேற்கு அடிவானத்தில் ஒரு இடுக்கு தெரிந்தால் காத்திருங்கள். கோடையில் புழுதிமூட்டம் அதிகம், சூரியன் கடலைத் தொடுவதற்கு முன்பே மங்கிச் சிவந்து கரைந்துவிடுவது உண்டு. அடிவானத்தில் வட்டம் நசுங்கித் தெரிந்தால் கேமராவில் குறை என்று நினைக்க வேண்டாம். காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது, கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டுகிறது.

காற்று பலமாக இருக்கும் நாளில், முக்கியமாகத் தனுஷ்கோடியில், லென்ஸை மாற்றவே வேண்டாம். மணல் துகள் உள்ளே போனால் சர்வீஸ் செலவு பெரிது. அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது, படத்துக்காகத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் இயங்கும் எல்லைப் பகுதி என்பதால் அனுமதியில்லாமல் ட்ரோன் எடுக்கக் கூடாது. வலை பிரிக்கிற அண்ணன்மாரையோ பாசி எடுத்துத் திரும்புகிற அக்காமாரையோ எடுக்கும் முன் கேளுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

ஊர் திரும்பும்போது ஒரு மாலை மிச்சமானால், சாயல்குடி வழியாகப் போகிறவர்கள் வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்க்கலாம். நீர் கட்டிய பாத்திகளில் ஒரு அசைவும் இருக்காது, முழு வானமும் தலைகீழாக உள்ளே கிடக்கும். வரப்பில் நின்று எடுக்க அங்கே இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள், பாத்திக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள். அறைக்குத் திரும்பியதும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விரித்த நிலையிலேயே காயவிடுங்கள். உப்போடு மடித்து வைத்தால் அடுத்த முறை திருகு திறக்காது.